யாழ்ப்பாணத் தீவுகளுக்கு இருவராக, ஆறுதலாக

கனடாவில் முப்பது ஆண்டுகள் ஓடி உழைத்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் தங்கள் வழியில் போனபின், முதன்முறையாக அவசரமில்லாமல் மனைவியுடன் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஆலப்புழையில் படகுவீடு ஒன்றில் இரண்டு நாள் இருந்தது உங்கள் இருவருக்கும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. அதுபோல யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் ஒரு படகை வாடகைக்குப் பிடித்து, நகரத்தின் பண்ணைக் கரையில் ஏறி, தீவு தீவாக ஒரு கிழமை சுற்றி வரலாமா, எந்த மாதம் நல்லது, கடலில் மனைவிக்குத் தலைசுற்றி வாந்தி வருவதற்கு என்ன செய்யலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

ஒரே படகில் முழுப் பயணமும் என்பது இங்கே நடவாத காரியம். யாராவது அப்படி ஒழுங்குசெய்து தருவதாகச் சொன்னால், முற்பணம் கொடுக்குமுன் நன்றாக யோசியுங்கள். ஆனால் ஊர்ச்சனம் நாளாந்தம் ஏறி இறங்கும் படகுகளையே ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து, ஒரு நாளைக்கு ஒரு தீவுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் போனால், ஐந்தாறு நாளில் நீங்கள் விரும்பும் பயணம் கிடைத்துவிடும். நானும் மனைவியும் அப்படி இரண்டு தடவை போய்வந்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆலப்புழையோடு ஒப்பிடுவதில் உள்ள பிழை என்னவென்றால், அங்கே உள்ளவை நெல் ஏற்றுவதற்கென்றே கட்டுவள்ளங்கள் ஓடிப் பழகிய கால்வாய்களும் காயல்களும். இங்கே உள்ளதோ தரைக்குள் புகுந்து பரந்து கிடக்கும் கடல். அதுவும் ஆழமில்லாத கடல். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், முழங்காலளவு தண்ணீரில் அரை மீற்றர் குறைந்தால் படகு மணலில் குந்திவிடும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அடியில் சாதாழை என்ற கடற்புல் மண்டிக் கிடக்கும். அதற்கு மேல், மீன் வந்து அடைவதற்காகத் தடிகளை நட்டு வலைகட்டிய களங்கட்டிகள் வழி நெடுகிலும் நிற்கும். அவற்றின் இடையே எந்த வாய்க்காலால் போகலாம் என்பது கரையோர ஊர்களான குருநகர், பாசையூர்ப் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். இவை போதாதென்று தாம்போதிகள் வேறு. நகரத்தை மண்டைதீவுடனும் வேலணையுடனும் இணைக்கும் பண்ணைப் பாலம், வேலணையைப் புங்குடுதீவுடன் இணைக்கும் வாணர் பாலம், காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலம் ஆகிய மூன்றும் பஸ் ஓடுவதற்காகக் கடலைக் குறுக்கறுத்துப் போடப்பட்டவை. நீரோட்டத்துக்காக இடையிடையே விடப்பட்ட பாலங்களின் கீழே சிறிய வள்ளங்கள்தான் புகுந்து போகலாம். தீவுச்சனத்துக்குத் தாம்போதி பெரிய வரம், அதில் மறுபேச்சில்லை. படகுக்காரருக்கு மட்டும் ஒரு கடல் மூன்று நான்கு துண்டாகிப் போனது.

ஆழமில்லாத கடல் என்றால் என்னவென்று ஒரு நாள் நன்றாகவே விளங்கிற்று. மண்டைதீவுக் கரையில் கண்டல் மரங்களையும் பூநாரைகளையும் பார்ப்பதற்காக, தெரிந்த ஒருவரின் பைபர் படகில் நானும் மனைவியும் ஒரு காலை வெள்ளனப் புறப்பட்டோம். கரை கண்ணுக்குச் சின்னதாகிவிட்டது, சுற்றிவரத் தண்ணீர், மனைவி படகின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. திடீரென்று இயந்திரம் உறுமி நின்றது. காற்றாடியில் சாதாழை கயிறு முறுக்கியதுபோலச் சுற்றியிருந்தது. ஓட்டி ஒன்றும் பேசாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். நாங்கள் பதறிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாதாழையை அறுத்து எறிந்த அவர், "அக்கா பயப்பிடாதேங்கோ, இது கடல் இல்லை, குளம்" என்று சொல்லிச் சிரித்தார். மனைவி என்னைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இதுக்கு நாங்கள் நடந்தே வந்திருக்கலாம்" என்றா. அன்றைக்கு நாங்கள் போன தூரம் மூன்று கிலோமீற்றரும் இராது; அதற்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. பூநாரைகள் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

மாதம் பற்றிய கேள்விதான் மிக முக்கியமானது. இங்கே கடலை நாட்காட்டியைப் பார்த்து அறிவதைவிடக் காற்றின் பெயரைக் கேட்டு அறிவதே பழக்கம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அந்த நாட்களில் புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலான கடல் கொந்தளிப்பாக இருக்கும், சில நாட்களில் படகே ஓடாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி. மழையும், இடைக்கிடை வங்காள விரிகுடாவிலிருந்து வரும் தாழமுக்கமும் சேர்ந்து திட்டமிட்டதையெல்லாம் குழப்பும். தை பிறந்த பின்பு வாடைக்காற்று மெல்ல அடங்கும். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்றும்தான் உங்களுக்குரிய மாதங்கள். அதிலும் பங்குனியில் காலை வேளைகளில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். புலம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் நல்லூர்த் திருவிழாவையும் நினைத்து ஆடி ஆவணியில் வருகிறார்கள். ஊர் பார்க்க, உறவு பார்க்க அது சரி. படகில் ஆறுதலாகப் போக விரும்புகிறவர்களுக்கு அது பொருந்தாத காலம். பிள்ளைகளின் விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், மாசியின் பிற்பாதியில் வாருங்கள். பூநாரைகளும் அப்போது இன்னும் போயிருக்க மாட்டா.

முதல் நாள் எங்கும் போக வேண்டாம். பின்னேரம் பண்ணைக் கரையில் கோட்டைக்கு முன்னால் போய் நின்று, களங்கட்டித் தடிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துத் திரும்புங்கள்.

அடுத்த நாள் காலையில் யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து 776 ஆம் இலக்க பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போகலாம். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பயணம். வாகனம் பிடித்துப் போனால் விரைவாகப் போய்ச் சேரலாம் என்பது உண்மை. ஆனால் வாணர் பாலத்தில் இரு பக்கமும் கடல் ஓட, யன்னலோரம் இருந்து போகும் அந்தப் பகுதி படகுப் பயணத்தின் தொடக்கமாகவே எனக்குப் படுகிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வரிசைகள் இருக்கும்: ஒன்று நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்று சனம் படகுகளைப் பெயர் சொல்லியே கேட்கும். எந்தப் படகு எத்தனை மணிக்கு என்பது அடிக்கடி மாறுவதால், முதல்நாளே தங்குமிடத்துக்காரரிடம் விசாரித்துக்கொள்வதுதான் ஒழுங்கு. கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையில் வைத்திருங்கள்.

முதலில் நெடுந்தீவுக்குப் போகச் சொல்வது ஏனென்றால், இந்தப் பயணத்தில் திறந்த கடல் அது ஒன்றுதான். களைப்பில்லாமல் இருக்கும்போதே அதைக் கடந்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, மோட்டார் சைக்கிள், சீமெந்து, கோழிக்குஞ்சுப் பெட்டி என்று தீவுக்கு வேண்டிய அனைத்தும் அந்தப் படகிலேயே போகும். ஒருமுறை எனக்கும் மனைவிக்கும் இடையில் ஒரு தையல் இயந்திரம் பயணம் செய்தது. கீழ்த்தட்டில் இருக்கை கிடைத்தாலும், டீசல் மணம் தாங்காதவர்கள் மேலே நிற்பதே நல்லது.

காலையில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்களுக்கு நெடுந்தீவு ஒரு ஓட்டோச் சுற்று மட்டுமே: பெருக்கு மரம், ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடு, இடிந்த கோட்டை, குதிரை, போட்டோ, திரும்பப் படகு. உங்களுக்கு அது வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள். எளிய தங்குமிடங்கள் இருக்கின்றன. கடைசிப் படகு மாவிலித்துறையை விட்டுப் போனபின்புதான் தீவு தன் இயல்புக்கு வரும். சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக முருகைக்கல் அடுக்கிக் கட்டிய வேலிகள் ஒழுங்கைகள் நெடுகிலும் போகும். அந்தக் கற்களை அருகில் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் பூப்போன்ற துளைகள் இருக்கும், ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்கடியில் இருந்தவை. வெயில் தாழ்ந்தபின் மட்டக் குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் தேடி வெளியில் வரும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்ததன் எச்சம் அவை என்பார்கள். கோடை முற்றினால் அவை குடிக்கவும் தண்ணீரின்றித் துன்பப்படும். மாசியிலேயே வாருங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் இரண்டு சைக்கிள் கேட்டுப் பாருங்கள். தீவு முழுவதும் சமதரை.

மாவிலித்துறையில் ஒரு நினைவுத்தூபி இருக்கிறது, அதன் முன்னால் சிறிது நேரம் நில்லுங்கள். 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். நாட்டைவிட்டுப் போன உங்களுக்கு அது செய்தித்தாளில் வாசித்த நிகழ்வாக இருக்கலாம். தீவுச்சனத்துக்கு அது இன்றும் அதே படகு, அதே கடல். எங்களைப் போன்றவர்களுக்குக் கிளாலி என்ற கடவையின் பெயரும் அவ்வாறே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டிருந்தபோது, இரவில் விளக்கில்லாமல், பொதிகளின் மேல் குந்தியிருந்து இதே கடல்நீரேரியைக் கடந்தோம். மனைவியின் கையில் அப்போது ஒரு வயதுப் பிள்ளை, அழுதுவிடக் கூடாதே என்று வாயில் சீனி தடவிக்கொண்டே இருந்தா. அதனால் படகில் ஏறும்போது அவவின் முகம் சிறிது மாறுவதை இன்றும் காண்கிறேன். சங்குப்பிட்டியில் 2011 இல் பாலம் திறந்தபின் அந்தக் கடவையைச் சனம் மறந்துபோனது நல்லதுதான்.

மூன்றாம் நாள் நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பி, அங்கிருந்தே நயினாதீவுக்குப் படகு மாறலாம். கால் மணித்தியாலம் அல்லது இருபது நிமிடம் போதும். வெள்ளிக்கிழமையையும், ஆனி மாதத் திருவிழாக் காலத்தையும், பௌர்ணமி நாட்களையும் தவிர்த்தால் நெரிசலில்லாமல் இருக்கும். ஒரு கரையில் நாகபூசணி அம்மன் கோயில், சற்றுத் தள்ளி நாகவிகாரை. தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்கள் பலர் இரண்டுக்கும் போவதைக் காணலாம். கோயிலுக்கு முன்னுள்ள கடலில் பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு பாறைகளைக் காட்டுவார்கள். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு நீந்தி வந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது என்றும், கப்பலில் வந்த மாணாய்க்கன் என்ற வணிகன் இடையிட்டு அதைக் காப்பாற்றினான் என்றும் கதை. மத்தியானம் அமுதசுரபி மடத்தில் அன்னதானம் உண்டு. பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால், பின்னேரப் படகு வரை எழும்ப மனம் வராது.

அந்தக் கோயிலில் கடற்பயணிகள் பார்க்க வேண்டிய இன்னொன்று முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு. சிங்கள அரசன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த அந்தச் சாசனம் பேசுவது கோயில் தானத்தைப் பற்றியல்ல, உடைந்த கப்பல்களைப் பற்றி. பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனை குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்கிறது. சாதாரண வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஆனையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை, ஆகவே அவற்றைக் கொண்டுவருபவனுக்குச் சலுகை கூடுதல்! அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் அதை யானைத்துறை என்ற பொருள்பட அழைத்தார்கள். துறையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லே ஆங்கிலேயர் வாயில் கைற்ஸ் ஆகிற்று. வன்னியில் பிடித்த யானைகள் இந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறின.

ஆகவே நாலாம் நாள் ஊர்காவற்றுறை. வேலணையில் சாட்டிக் கடற்கரையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிட்டு வரலாம். அனலைதீவு, எழுவைதீவு போவதற்கான படகுகள் இங்கிருந்துதான் புறப்படும். ஒரு நாள் மேலதிகமாகக் கையில் இருந்தால் அனலைதீவுக்குப் போய் வாருங்கள், பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை, பனைகளுக்கு நடுவே நடந்துவிட்டுத் திரும்பலாம்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடப்பு கடைசியில் வருவது. ஊர்காவற்றுறையிலிருந்து எதிரே காரைநகருக்குப் போகும் மிதவையை ஊரார் "பாதை" என்றே சொல்வார்கள். "பாதை வந்திட்டுதோ?" என்று கேட்பது வெளியூராருக்கு விசித்திரமாக இருக்கும். தட்டையான ஓர் இரும்புத் தளம், இரு பக்கமும் கம்பித் தடுப்பு, அதன் மேல் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடையோடு பெண்களும். கட்டணம் கிடையாது. அது நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில் போகும். அந்தச் சில நிமிடத்தில் கடல் நடுவே கல்லால் கட்டிய ஹமன்ஹில் கோட்டை தெரியும்; சனம் அதைக் கடற்கோட்டை என்பார்கள். இலங்கைத் தீவு பன்றித் தொடை வடிவில் இருப்பதாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிப்பகுதியில் இருப்பதால் இந்தப் பெயரை வைத்தார்களாம். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டை 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. சுற்றிவரக் கடலிருக்க, உள்ளே இருந்தவர்கள் குடிநீர் இல்லாமல்தான் சரணடைந்தார்கள். 1971 கிளர்ச்சிக் காலத்தில் அதன் தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்து வைத்ததும் அங்கேதான் என்பார்கள். இப்போது கடற்படையினர் அதை உல்லாச விடுதியோடு சேர்த்து நடத்துகிறார்கள். காரைநகர்ப் பக்கத்திலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். சிறையிலே தங்குவதற்குக் காசு கொடுக்கும் காலம் இது, விருப்பமிருந்தால் கொடுங்கள். காரைநகரில் இறங்கியபின் கசூரினாக் கடற்கரையில் ஒரு நாள் கிடந்துவிட்டு, பொன்னாலைப் பாலம் வழியே பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்பினால் வட்டம் முடிந்தது.

இடையில் தனிப்படகு பிடித்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும், கடல்நீரேரிக்குள் மட்டும் பிடியுங்கள். மீன்பிடிக்கென்று பதிவான படகில் ஏறுவதைத் தவிர்த்து, பயணிகளை ஏற்ற அனுமதி உள்ளவரைத் தேடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறவே வேண்டாம். ஆழம் முழங்காலளவு என்று நான் மேலே எழுதியதை வைத்து அங்கி தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாய்க்கால்களில் திடீரென்று ஆழம் விழும். கண்டலுக்குள் போகும்போது தில்லை மரத்துக் கிளைகளை ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

வாந்தி விடயத்தில் உங்கள் மனைவி பயப்பட வேண்டிய இடம் நெடுந்தீவுக் கடல் மட்டும்தான். நயினாதீவுப் படகும் பாதையும் தாலாட்டு அளவுக்கே ஆடும். நெடுந்தீவுக்குப் போகும் காலையில் புளித்ததோ எண்ணெய்ச் சாப்பாடோ வேண்டாம், வெறுவயிறும் கூடாது. இரண்டு இடியப்பமும் சொதியும் போதும். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, படகேறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே எடுக்க வேண்டும், வாந்தி தொடங்கியபின் எடுத்துப் பயனில்லை. படகின் முன்புறம் அதிகம் தூக்கிப் போடும். நடுவிலோ பின்புறத்திலோ காற்றுப்படும் இடமாகப் பார்த்து இருக்கச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல், தூரத்தில் அசையாமல் நிற்கும் புங்குடுதீவுப் பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றாது. என் மனைவி ஒரு துண்டு இஞ்சியை உப்புத் தடவிக் கடைவாயில் அடக்கிக்கொள்ளுவா. ஒரு மணித்தியாலத்துக்கு அது காணும். திரும்பி வரும்போது படகில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று இரண்டு துண்டு கூடவே கட்டிக்கொண்டு போவா.